பதின்மூன்றாவது பீஸ்

பெண்கள் விடுதி, அறை 14
சென்னை
11.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சத்யா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். அதில் ஒரு வேளை, சாப்பாடு சாப்பாடு போலவே இருக்கிறது. அம்மாவின் முட்டிவலி தேவலையா? அண்ணி சுகமா? மிஷின்கள் எல்லாம் ஓடுகின்றனவா?

கவரைப் பார்த்ததும் பயந்திருப்பீர்கள். நமக்குப் போன் ஒத்துவராது. மூன்றாவது நிமிடத்தில் நீங்கள் குரலை உயர்த்துவீர்கள், நாலாவது நிமிடத்தில் நான் வைத்துவிடுவேன். "ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க, எழுதறப்ப யாராலயும் கத்த முடியாது" என்று தீபாவளியன்று அம்மா சொன்னதை நான் உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன்.

நான் படிப்பது விளையாட்டுப் பயிற்சியும் விளையாட்டு மேலாண்மையும் சேர்ந்த முதுநிலைப் படிப்பு. நூறு முறை சொல்லியும் நீங்கள் சொந்தக்காரர்களிடம் "பி.டி. டீச்சருக்குப் படிக்கறா" என்றே சொல்லிவருகிறீர்கள். போகட்டும். இது இரண்டாம் வருடம், ஆய்வேடு கொடுத்தால்தான் பட்டம். கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஓட்டக்காரர்களையும் கபடிக்காரர்களையும் பிடித்துக்கொண்டார்கள். நான் பத்து மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தும் நின்றும் வேலை செய்கிற பெண்களை எடுத்திருக்கிறேன். அதாவது மண்ணரையில், நம் பனியன் கம்பெனியில் இருப்பவர்களை.

பன்னிரண்டு பெண்கள் வேண்டும். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று காலை, முக்கால் மணி நேரப் பயிற்சி. மொத்தம் முப்பத்தாறு நாள். ஒருவர் முப்பது நாளாவது வந்திருந்தால்தான் அவர் கணக்கில் சேருவார். அப்படிப் பத்துப் பேராவது கடைசிவரை நிற்க வேண்டும். ஒன்பதாகிவிட்டால் ஆய்வு செல்லாது, ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று என் வழிகாட்டி அபிராமி மேடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் இங்கே வகுப்பில் இருப்பேன். இணைத்திருக்கும் பயிற்சித் தாளைப் பார்த்து அங்கே நடத்த வேண்டியவர் நீங்கள். வருகையையும் எடையையும் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, மாதமிருமுறை அந்த அசல் தாளையே எனக்கு அனுப்ப வேண்டும்.

என் ஒரு வருடம் உங்கள் கையில் இருக்கிறது. கத்தாமல் பதில் எழுதவும்.

அன்புத் தங்கை,
சத்யப்பிரியா


சிவன்மலையான் துணை

மண்ணரை
18.11.2024

கண்ணு சத்யாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சீரியல் நேரத்துக்கு மட்டும் வலிப்பதில்லை. உன் அண்ணி அமராவதி உனக்குப் பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள்.

பன்னிரண்டு பேரைப் பிடித்துவிட்டேன். முதல் பெயர் செக்கிங்கில் பிசிறு வெட்டும் சின்னாத்தாக்கா. உனக்கு நன்றாகத் தெரியும், நான் நாலு மிஷினோடு ஆரம்பித்த நாளிலிருந்து பதினோரு வருஷமாகக் கூட இருப்பவர். வயது நாற்பத்தேழு. அவர் சரியென்றால் மற்றவர்கள் தானாக வருவார்கள். "எதுக்குங்க இது, ஒடம்பு எளைக்கறதுக்குங்களா?" என்று கேட்டார். சத்யாவுக்குப் பட்டம் வாங்குவதற்கு என்றேன். "பாப்பாவுக்குன்னா வாரனுங்க" என்று முடித்துவிட்டார். காலை ஏழரைக்குத் தொடங்கி எட்டேகாலுக்கு விடுவோம். எட்டரைக்கு ஷிப்டு. குடோனுக்குப் பின்னால் முற்றமாகக் கிடக்கும் வாசலைக் கூட்டிச் சுத்தம் செய்தாயிற்று. கை இழுத்துப் பயிற்சி செய்ய ரப்பர் பட்டை வாங்கச் சொல்லியிருந்தாய். ஜட்டிக்குப் போடும் எலாஸ்டிக் நம்மிடம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதையே நாலு மடிப்பாகத் தைத்துவிட்டேன். எந்தக் கடைக்காரனும் இவ்வளவு நல்ல சரக்குத் தர மாட்டான்.

ஒரு விஷயம். நூறு பீஸ் ஆர்டர் வந்தால் நாங்கள் நூற்றைந்து வெட்டுவோம். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை என்று நாலைந்து கழிந்தாலும் பெட்டி குறையாமல் போக வேண்டுமே. நீ பன்னிரண்டு கேட்டிருக்கிறாய். எக்ஸ்ட்ரா வெட்டு இல்லாமல் நான் எந்த ஆர்டரும் எடுத்ததில்லை. ஆகையால் பதின்மூன்றாவதாக நானே நிற்கிறேன்.

உன் அண்ணன்,
குகன்


சென்னை
22.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும் அண்ணியின் பொடியும் ஒரே நாளில் வந்தன. இரண்டும் காரம். நான் சுகம்.

பதின்மூன்றாவது பீஸ் வேண்டாம். நீங்கள் ஆண், முதலாளி, எண்பத்தெட்டு கிலோ. எந்த வகையிலும் இந்த ஆய்வில் சேர மாட்டீர்கள். உடம்புக்கு நல்லது என்று கடைசி வரிசையில் நின்று செய்தால் சந்தோஷம்தான், ஆனால் தாளில் உங்கள் பெயரோ எடையோ வரக் கூடாது. எடை அம்மாவின் வயது போல ரகசியமாகக் காக்கப்பட வேண்டியது என்பது வேறு விஷயம்.

பயிற்சித் தாளின் இரண்டாம் பக்கத்தைத் தயவுசெய்து படியுங்கள். எந்த வாரம் எவ்வளவு என்று அதில் அட்டவணை இருக்கிறது. சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். நான் இந்தப் படிப்பில் கற்றதில் பாதி அந்த ஒரு வரிதான்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

சத்யா


சிவன்மலையான் துணை

மண்ணரை
9.12.2024

கண்ணு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. நடக்க முடிகிறவர்கள் நலம்.

முதல் வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது ஐந்து முறை, பன்னிரண்டாம் வாரத்தில் இருபது முறை என்று போட்டிருந்தாய். இருபதுதானே டார்கெட், அதை முதல் நாளே முடித்துவிட்டால் மீதி பதினோரு வாரமும் நமக்கு மிச்சம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை இருபது முறை, மூன்று சுற்று. எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் செய்தார்கள். செவ்வாய்க்கிழமை ஓவர்லாக் மிஷினில் ஒருவராலும் பெடலை மிதிக்க முடியவில்லை. மாடிப்படியில் எல்லோரும் பின்பக்கமாக இறங்கினார்கள். நான் இரண்டு நாள் கழிப்பறைக்குப் போய்வந்த கதையை எழுதப்போவதில்லை. (ஆமாம், கடைசி வரிசையில் நானும் செய்தேன். பெயர் எழுதவில்லை.)

புதன்கிழமை சின்னாத்தாக்கா என்னிடம் வந்தார். "ஏனுங்க, பாப்பா அனுப்புன தாள்ல இருபதுன்னா போட்டிருக்குது? குடுங்க, நான் பாக்கறேன்" என்று கையை நீட்டினார். எட்டாவது வரை படித்தவர். கண்ணாடி போட்டு இரண்டு பக்கமும் படித்தார். அன்றிலிருந்து எண்ணுவது அவர், செய்வது நாங்கள். ஐந்து என்றால் ஐந்துதான். பழைய ஏற்றுமதியில் கழிந்த ஜெர்மன் எழுத்துப் போட்ட பனியன்களை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஏதோ பீர் கடை என்று கேள்வி.

முதல் அளவுத் தாளை இணைத்திருக்கிறேன். சின்னாத்தாக்கா 54 கிலோ, ஆறு நிமிடத்தில் 410 மீட்டர் நடந்தார். மற்றவர்களுடையதும் அதே தாளில் இருக்கிறது.

குகன்


சிவன்மலையான் துணை

மண்ணரை
21.1.2025

கண்ணு சத்யா,

பொங்கலுக்கு வந்து நீ சண்டை போடாமல் திரும்பியதை அம்மா இன்னும் அதிசயமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். இங்கே சுகம். உன் தொண்டை சரியாயிற்றா?

பொங்கல் வாரத்தை விட்டுவிட்டு, ஆறு வாரம் முடிந்து ஏழாவது நேற்றுத் தொடங்கியது. ஒரு கெட்ட சேதி, ஒரு நல்ல சேதி. பொங்கலுக்குத் தேனிப் பக்கம் போன இருவர் திரும்பி வரவில்லை. அங்கேயே வேலை கிடைத்துவிட்டதாம். ஆக, பன்னிரண்டு பத்தாகிவிட்டது. நல்ல சேதி, மிச்சமுள்ள பத்துப் பேரும் இதுவரை ஒரு நாள் கூட விடவில்லை. பத்து போதும் என்றாய் அல்லவா? சரியாகப் பத்து இருக்கிறது.

சின்னாத்தாக்காவைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. முன்பெல்லாம் மதியத்துக்கு மேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இப்போது டீ இடைவேளையில் தையல் பெண்களை எழுப்பிக் கையை மேலே தூக்கச் சொல்கிறார். ஒரு நிமிடம்தான். நான் முதலில் முறைத்தேன். பிறகு சாயங்கால எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு முறைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

நாளை ஷிப்மென்ட். ஒன்பது மணிக்கு லாரி வந்து நிற்கும். நாற்பது பெட்டி இன்னும் செக்கிங் முடியவில்லை. என் தலை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. மற்றவை பிறகு.

குகன்


மண்ணரை
1.2.2025

சத்யாவுக்கு,

நலம். ஏழாம், எட்டாம் வாரத் தாள்களை இணைத்திருக்கிறேன். பத்துப் பேர் இருக்கிறார்கள். வேலை அதிகம். அம்மா சுகம்.

குகன்


சென்னை
3.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கே நலமா என்று இந்த முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

பொங்கலுக்கு முன்பு 53 கிலோ இருந்த சின்னாத்தாக்கா ஜனவரி 31 அன்று 84 கிலோ என்று தாளில் இருக்கிறது. மூன்று வாரத்தில் முப்பத்தோரு கிலோ. பொங்கலுக்கு அவர் வீட்டில் என்னதான் சாப்பிட்டார்கள்? அபிராமி மேடம் பார்க்கும் முன் நான் பார்த்தேன். முதலில் எழுத்துப்பிழை என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். உயரமும் ஒரு சாண் கூடியிருக்கிறது.

மூன்று முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. நீங்கள் போன் எடுத்துக் கத்தாமல் இருப்பதும், சிவன்மலையான் துணை இல்லாமல் நாலு வரியில் கடிதம் எழுதுவதும் எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன நடந்தது?

சத்யா


மண்ணரை
4.2.2025

அன்புள்ள சத்யாவுக்கு,

அண்ணி அமராவதி எழுதிக்கொள்வது. கூரியரில் வந்த உன் கடிதத்தைப் பிரித்துப் படித்ததே நான்தான். உன் அண்ணன் கவரைத் தொடவே இல்லை, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். அத்தையும் நானும் சுகமாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு.

எனக்குப் புறம் சொல்லும் பழக்கமில்லை. ஆனால் இது உன் படிப்பு. ஷிப்மென்ட் அன்று, ஜனவரி 22, பயிற்சி எட்டேகாலுக்கு முடிய வேண்டியது. கடைசியில் கை கால் தளர்த்துவதை விடக் கூடாது என்று உன் தாளில் எழுதியிருந்ததாம். சின்னாத்தாக்கா அதற்காகப் பத்து நிமிடம் கூட நிறுத்திவைத்தார். லாரிக்காரன் போன் மேல் போன். உன் அண்ணன் வாசலுக்கு வந்து எல்லோர் முன்னாலும், "பிசிறு வெட்டற கைக்கு ஒலிம்பிக்ஸ் கேக்குதா? நேரங்காலம் தெரியாத ஆட்டம்!" என்று கத்திவிட்டார். அந்த அக்கா உள்ளே போய் அன்றைய நாற்பது பெட்டியையும் முடித்துக்கொடுத்தார். லாரி கிளம்பியது. பிறகு தன் பிசிறுக் கத்திரியைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதன்பிறகு வரவில்லை. இப்போது பெருமாநல்லூரில் வேறு கம்பெனிக்குப் போகிறாராம்.

உன் அண்ணன் அந்தக் கத்திரியை ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார். யாரையும் தொட விடுவதில்லை. திங்கள், புதன், வெள்ளி காலையில் அக்கா நின்ற இடத்தில் தானே நின்று எண்ணுகிறார், தானே செய்கிறார். தாளில் அந்தப் பெயருக்கு எதிரே இருப்பது அவருடைய எடைதான். ஆள் குறைந்ததை உனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மற்றபடி கெட்ட எண்ணமில்லை. ஆனால் எண்ணமில்லாவிட்டால் மட்டும் தப்பு சரியாகிவிடுமா, நீயே சொல்.

அன்புடன்,
அண்ணி


சென்னை
5.2.2025

அண்ணனுக்கு,

அண்ணி கூரியரில் எழுதிவிட்டார். அவரைத் திட்டக் கூடாது.

நான் அழுதேன் என்று எழுதினால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும், எழுதாவிட்டால் பொய். பட்டம் போகிறதே என்று பாதி, சின்னாத்தாக்காவை நினைத்து மீதி. எனக்காகத்தானே அந்தப் பத்து நிமிடம் அவர் நின்றார்.

இன்று மதியம் அபிராமி மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தாளைக் கிழித்துவிடவா என்று கேட்டேன். "கிழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடி, பக்கத்தில் காரணம் எழுது, கையெழுத்துப் போடு. தப்பு அடிக்கப்பட்டிருக்கலாம், அழிக்கப்பட்டிருக்கக் கூடாது" என்றார். அப்படியே செய்தேன். ஆய்வு இப்போது ஒன்பது பேரோடு நிற்கிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. நீங்கள் 84 என்பதற்குப் பதிலாக 53 என்று எழுதியிருந்தால் நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். ஏன் எழுதவில்லை?

எண்ணிப் பார்த்தேன். ஜனவரி 24 முதல் இன்று வரை சின்னாத்தாக்கா ஆறு நாள் வரவில்லை. ஆறு வரை போகலாம். ஏழாவது நாள் நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை. அன்று அவர் வந்தால் முப்பது நாள் சரியாக வரும். இனி ஒரு நாள் கூட விட முடியாது. வராவிட்டால் நான் அடுத்த வருடம் எழுதிக்கொள்கிறேன், அதற்காக அவரிடம் கெஞ்ச வேண்டாம். ஆனால் மன்னிப்புக் கேட்கப் போங்கள். அதை என் பட்டத்துக்காகக் கேட்காதீர்கள்.

சத்யா


சிவன்மலையான் துணை

மண்ணரை
7.2.2025, வெள்ளி

கண்ணு,

உன் கூரியர் நேற்று மதியம் வந்தது. ஐந்தரைக்குப் பெருமாநல்லூரில் அந்தக் கம்பெனி வாசலில் நின்றேன். ஷிப்டு விட்டு முந்நூறு பேர் வெளியே வருகிறார்கள், எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. கத்திரியைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தேன். சின்னாத்தாக்கா வந்தார். என்னைப் பார்த்ததும், "ஊட்ல எல்லாரும் சொகந்தானுங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில், வழி நெடுகத் தயார் செய்துவைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "நான் பேசுனது தப்புக்கா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர், "தப்புன்னு இங்க வந்து சொல்றீங்க. நீங்க கத்துனது நம்ம வாசல்லதானுங்க" என்றார்.

நியாயம்தானே. வாசலிலேயே சொல்கிறேன் என்றேன். உன் பட்டத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, சாமி சத்தியம். அவரே கேட்டார்: "பாப்பாவுக்கு எத்தனை நாள் கொறையுதுங்க?" ஆறு என்றேன். விரல் விட்டு எண்ணினார். அவருக்கும் உன் தாள் மனப்பாடம். நம் கம்பெனிக்கு வேலைக்கு வர மாட்டேன், பயிற்சிக்கு மட்டும் வருகிறேன் என்றார். கத்திரியை நீட்டினேன், வாங்கவில்லை, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள் என்றுவிட்டார். எட்டரைக்குப் பெருமாநல்லூரில் இருக்க வேண்டுமே என்று பயிற்சியை ஏழு மணிக்கு மாற்றியிருக்கிறேன். மற்ற ஒன்பது பேரும் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. முடிந்ததும் அமராவதி ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் விடுவாள்.

இன்று காலை ஏழு மணிக்கு வாசலில் ஒன்பது பேர் முன்னால் நின்று சொன்னேன். அன்று எவ்வளவு சத்தமாகக் கத்தினேனோ, கிட்டத்தட்ட அதே சத்தத்தில் சொன்னேன். சொல்லி முடித்ததும் யாரும் கை தட்டவில்லை, அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. சின்னாத்தாக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைக் கையில் எடுத்தார். "மொதலாளி முன் வரிசைக்கு வாங்க. பின்னால நின்னுட்டு அரைகொறையா உக்கார்றீங்க" என்றார். இருபத்தேழாம் நாள் முடிந்தது. பத்துப் பேர்.

ஏன் 53 என்று எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். ஆள் குறைந்தால் எக்ஸ்ட்ரா வெட்டிய பீஸை வைத்துப் பெட்டியை நிரப்புவது எங்களுக்கு மூச்சு விடுவது போல. அது படிப்பில் திருட்டு என்று அண்ணி சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனால் டேப்பிலோ தராசிலோ ஒன்று இருக்க, தாளில் வேறொன்று எழுத என் கை வராது. பீஸை மாற்றுவேன் கண்ணு, அளவை மாற்ற மாட்டேன்.

நீ அழுதாய் என்று படித்த பிறகு நான் சாப்பிடவில்லை. இன்று சாப்பிட்டேன்.

குகன்


சென்னை
22.5.2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் அம்மாவுக்கும்,

நான் மிக மிக நலம். பாஸ்!

இதைப் போனில்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் நம் வழக்கத்தை இந்தச் சேதிக்காக மாற்றுவானேன் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் முழுக்க வயிற்றில் வைத்துக்கொண்டு, தபால் பெட்டி வரை நடந்து போய்ப் போடப்போகிறேன். நடக்கப் போவதில்லை, ஓடப்போகிறேன்.

மார்ச் ஒன்றாம் தேதி நான் வந்து கடைசி அளவு எடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். சின்னாத்தாக்கா ஆறு நிமிடத்தில் 520 மீட்டர் போனபோது அண்ணி விசில் அடித்ததை நான் ஆய்வேட்டில் எழுதவில்லை. பத்துப் பேருக்கும் நடை கூடியிருக்கிறது, முதுகுவலி குறைந்திருக்கிறது. இந்த மாதிரி வேலை செய்கிற பெண்களுக்குப் பெரிய கருவியோ மைதானமோ வேண்டாம், ஒரு வாசலும் முக்கால் மணி நேரமும் எலாஸ்டிக்கும் போதும் என்று முடித்திருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கோடு போட்டு அடித்த அந்தத் தாள் பின்னிணைப்பில் அப்படியே இருந்தது. விரலை அதில் வைத்து, "யார் இந்த எண்பத்து நாலு கிலோ?" என்று கேட்டார்.

"என் அண்ணன் சார்" என்றேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஆளை மாற்றி வைத்துவிட்டு எடையை மட்டும் ஏன் உண்மையாக எழுதினார் என்று கேட்டார். நீங்கள் எழுதியிருந்த அதே வரியைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அபிராமி மேடமும் சிரித்துவிட்டார். "அப்படியென்றால் மற்ற எண்களை நான் நம்பலாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணா, நீங்கள் எனக்கு ஆள் பிடித்தீர்கள், எலாஸ்டிக் தைத்தீர்கள், என் ஆய்வைக் கவிழ்க்கப் பார்த்தீர்கள், பிறகு நிமிர்த்தினீர்கள். எனக்கு வேறு அண்ணன் வேண்டாம். இதைப் போனில் சொன்னால் நீங்கள் "சரி சரி, வையி" என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நன்றியுரையில் பத்துப் பெண்களின் பெயரும் இருக்கிறது. சின்னாத்தாக்காவின் பெயர் முதலில். உங்கள் பெயர் கடைசியில், வரிசையை விட்டுச் சற்றுத் தள்ளி.

சத்யா


சிவன்மலையான் துணை

மண்ணரை
16.6.2025

கண்ணு சத்யாவுக்கு,

எல்லோரும் சுகம். அம்மா உன் ஆய்வேட்டைச் சாமி அறையில் வைத்திருக்கிறார். ஒரு வரி புரியாவிட்டாலும் வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். நான் இப்போது "எம் பொண்ணாட்டம் வளத்த தங்கச்சி, விளையாட்டு மேலாண்மை" என்றுதான் சொல்கிறேன். அதற்கு அவர்கள், "ஓ, பி.டி. டீச்சருங்களா" என்கிறார்கள். நான் என்ன செய்ய.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை நம் ஊரில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடந்தது. ஊரில் பாதிப் பேர் பனியன் போடுகிறவர்கள், மீதிப் பேர் பனியன் தைக்கிறவர்கள். அத்தனை பேரும் ரோட்டில் இருந்தார்கள். நம் பெண்கள் ஒன்பது பேரும் ஜெர்மன் பீர் பனியனோடு வந்தார்கள். சின்னாத்தாக்கா பெருமாநல்லூரிலிருந்து பதினான்கு பேரைத் திரட்டி வந்திருந்தார். ஆமாம், அந்தக் கம்பெனியிலும் தொடங்கிவிட்டார். முதலாளியிடம் உன் தாளைக் காட்டிக் காலையில் முக்கால் மணி நேரம் வாங்கியிருக்கிறார். தளர்த்துவதற்குத் தனியாகப் பத்து நிமிடம். அதையும் எழுதி வாங்கியிருக்கிறார்.

எனக்கு மூன்றாவது கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியவில்லை. நாலாவதில் மூச்சு இரைத்தது. நம் பெண்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். போகிறபோது, "வாங்க மொதலாளி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் தாண்டினார்கள். முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது, கால் போகவில்லை. இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டேன். சுற்றிலும் ஜனம். வெட்கமாக இருந்தது கண்ணு.

அப்போது எதிர்ப்பக்கமிருந்து ஒருவர் வருகிறார். சின்னாத்தாக்கா. எப்போதோ முடித்துக் கழுத்தில் பதக்கம் போட்டுக்கொண்டுவிட்டார். என்னைத் தேடித் திரும்பி நடந்து வந்திருக்கிறார். சிரிப்பார் என்று நினைத்தேன், அன்று நான் சொன்னதைத் திருப்பிச் சொல்வார் என்றும் நினைத்தேன். சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

பக்கத்தில் வந்து என்னோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்.

"மெதுவா வாங்க. நேரமிருக்குதுங்க."

இரண்டு பேரும் நடந்தே கோட்டைத் தாண்டினோம். நாற்பத்தொன்பது நிமிடம். கடைசி ஆள் நான் இல்லை, எனக்குப் பின்னால் இன்னும் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். அதை அமராவதியிடம் கேட்டு உறுதி செய்துகொள்.

வேலை தேடுவதற்கு முன் ஒரு வாரம் வந்து இரு. இன்று திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் பதினேழு பேர் நின்றார்கள். யாருக்கும் தாள் கிடையாது, பட்டம் கிடையாது, சும்மா வந்தார்கள்.

பதின்மூன்றாவது பீஸ்,
குகன்
(79 கிலோ. நானே நிறுத்தேன், நானே எழுதுகிறேன்.)